வருகிறது விண்கல்!
(திரைக்கதையும் விண்வெளிக் கணக்கும்)

இளம் அறிவியல் கணிதம், இரண்டாமாண்டு

ஒரு திரைப்படம் வெளிவருமுன்பே அதன் கதையைத் தாமே எழுதி முடித்துவிடும் திறமை தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு உண்டு. சுவரொட்டியில் கதாநாயகன் கையில் கட்டுப் போட்டிருந்தால் போதும். இடைவேளைக்கு முன் சண்டை, பின் தங்கையின் திருமணம், கடைசியில் நீதிமன்றம் என்று டீக்கடையிலேயே படம் ஓடி முடிந்துவிடும். இந்தத் திறமை வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் சற்று அதிகம் என்றே சொல்வேன். காரணம் எளியது. மழை பிடித்தால் எங்களுக்கு வெளியில் வேலை இல்லை. வாய்க்கு மட்டுமே வேலை.

2017 நவம்பரில் ‘டிக் டிக் டிக்’ என்ற படத்தின் முன்னோட்டம் வெளியாயிற்று. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கம், அன்று ஜெயம் ரவி என்று அழைக்கப்பட்ட நடிகர் கதாநாயகன், இமான் இசை. இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரம் செய்தார்கள். பூமியை நோக்கி ஒரு பெருங்கல் வருகிறது, சிலர் விண்கலத்தில் ஏறிப் போகிறார்கள் என்பது மட்டும் முன்னோட்டத்தில் புரிந்தது. படம் வந்ததோ 2018 ஜூன் 22-ஆம் நாள். இடைப்பட்ட ஏழு மாதங்களில் எங்கள் லைன் வீடுகளின் பிள்ளைகள் அந்தப் படத்தை ஏழுவிதமாக எடுத்து முடித்தோம். நான் அப்போது ஏழாம் வகுப்பு. என் தம்பி ஐந்தாம் வகுப்பு.

அந்த நாளைய விவாதங்களை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆயினும் நண்பர்களே, அந்தச் சிரிப்புக்குள்ளே உண்மையான அறிவியல் கேள்விகள் இருந்தன. அவற்றில் ஒன்று ஏழாண்டுகள் கழித்து எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

மூன்று கட்சிகள்

குழாயடியில் கூடிய எங்கள் சபையில் மூன்று கட்சிகள் இருந்தன.

முதலாவது, குண்டுக் கட்சி. இதன் தலைவன் என் மாமன் மகன். ‘அர்மகெதோன்’ என்ற 1998-ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தைத் தமிழில் பேசவைத்துத் தொலைக்காட்சியில் போட்டபோது அவன் பார்த்திருந்தான். கல்லில் துளை போட்டு அணுகுண்டை வைத்து வெடித்துவிடுவார்கள், அதே கதைதான் இதுவும் என்று அடித்துச் சொன்னான்.

இரண்டாவது, தள்ளுக் கட்சி. இதில் இருந்தவள் நான் ஒருத்தியே. வழியில் விழுந்து கிடக்கும் மரத்தை எல்லோரும் சேர்ந்து ஓரமாகத் தள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவள் ஆதலால், கல்லையும் அப்படித் தள்ளிவிடலாமே என்றேன். “ஆகாசத்துல எதைப் புடிச்சுக்கிட்டு நின்னு தள்ளுவ?” என்று கேட்டுச் சபையே சிரித்தது.

மூன்றாவது, சாமிக் கட்சி. இது எங்கள் அப்பத்தாவின் கட்சி. “நடக்குறது நடக்கும், கஞ்சியைக் குடிச்சிட்டுப் படுங்க” என்பதே அதன் கொள்கை.

அப்பத்தாவுக்கு விண்வெளிப் படம் புதிதல்ல என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. 1963-இல் வந்த ‘கலை அரசி’ படத்தை அவர் சிறுமியாக இராமநாதபுரம் சீமையில் கொட்டகையில் பார்த்திருக்கிறார். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து, காசிலிங்கம் இயக்கிய படம் அது. நம் பூமியின் இசையைத் தங்கள் உலகுக்குக் கற்றுக்கொடுக்க வேற்றுக்கோள்வாசிகள் ஒரு பாடகியைக் கவர்ந்து போவார்கள். நாயகன் பின்தொடர்ந்து போவான். யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்றது 1961 ஏப்ரல் 12. மனிதன் நிலவில் கால் வைத்தது 1969 ஜூலை. இரண்டுக்கும் நடுவில் தமிழ்ப்படம் வேற்றுலகுக்கே போய்த் திரும்பிவிட்டது! அறுபத்தோராண்டுகள் கழித்து 2024 பொங்கலுக்கு ‘அயலான்’ வந்தபோது அப்பத்தா சிறிதும் வியக்கவில்லை. “எங்க காலத்துலயே வந்துட்டுப் போயிட்டானுங்க” என்றார்.

படம் வெளியான ஞாயிற்றுக்கிழமை, மாமாவோடு முதல் பேருந்தில் பொள்ளாச்சிக்குப் போனோம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் தம்பி நான்கு முறை வாந்தி எடுத்தான். படத்தில் குண்டுக் கட்சி வென்றது. மாமன் மகன் திரும்பி வரும்போது அட்டகட்டி வரையில் பேச்சை நிறுத்தவில்லை. நான் தோற்றேன். ஆனால் அந்தத் தோல்வி நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே.

மிதப்பது ஏன்?

முதலில் சபையில் எழுந்த சிறு கேள்வியைப் பார்ப்போம். விண்கலத்தில் எல்லோரும் மிதக்கிறார்களே, ஏன்? “மேல போனா புவியீர்ப்பு இல்ல” என்பது எங்கள் எல்லோரின் விடை. கல்லூரிக்கு வந்து துணைப்பாடமாக இயற்பியல் படிக்கும்வரை நானும் அப்படித்தான் நம்பினேன். அது தவறு.

பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. ஈர்ப்பு விசை, பூமியின் மையத்திலிருந்து உள்ள தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். 6,371-ஐ 6,771-ஆல் வகுத்து இருமடி எடுத்தால் 0.885 வருகிறது. அதாவது தரையில் உள்ள ஈர்ப்பில் நூற்றுக்கு 88 பங்குக்கு மேல் அங்கேயும் இருக்கிறது! ஈர்ப்பு இருந்தும் மிதக்கிறார்கள் என்றால், கலமும் அதற்குள் இருப்பவர்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். விழும்போதே பக்கவாட்டில் நொடிக்கு ஏழரை கி.மீ.க்கு மேல் ஓடுவதால், பூமியின் மேல் விழாமல் பூமியைச் சுற்றியே விழுகிறார்கள். பேருந்து சாலையின் மேட்டில் ஏறிச் சட்டென்று இறங்கும்போது வயிற்றில் ஒரு கணம் ‘ஜிவ்’வென்று இருக்குமே, அந்தக் கணம் அவர்களுக்கு நாள் முழுதும் நீடிக்கிறது. 2025 ஜூன் மாதம் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்ற நம் நாட்டு வீரர் சுபான்ஷு சுக்லாவும் இப்படித்தான் மிதந்தார்.

இந்த உண்மை கல்லுக்கும் பொருந்தும். விண்கல் ஒன்று பூமியைக் குறிபார்த்து எறியப்படுவதில்லை. அது சூரியனைச் சுற்றித் தன் பாதையில் விழுந்துகொண்டே இருக்கிறது. நாமும் சுற்றுகிறோம். இரண்டு பாதைகள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சந்தித்தால்தான் மோதல். நேரம் சில நிமிடங்கள் தவறினாலும் கல் நம்மைக் கடந்து போய்விடும். பூமி தன் விட்டத்தின் அளவைக் கடக்க ஏறத்தாழ ஏழு நிமிடங்களே ஆகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குண்டுக் கட்சியின் கணக்கு

பெருங்கல் என்றால் எவ்வளவு பெரியது? ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களின் காலத்தை முடித்துவைத்த கல் ஏறத்தாழ 10 கி.மீ. விட்டம் உடையது என்கிறார்கள். அத்தகைய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அதை உருண்டை என்று கொண்டு, கனமீட்டருக்கு 3,000 கிலோ என்று வைத்தால், எடை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி டன். நொடிக்கு 20 கி.மீ. வேகத்தில் வருமானால் அதன் இயக்க ஆற்றல் ஏழரைக் கோடி மெகாடன் வெடிமருந்துக்குச் சமம். மனிதன் இதுவரை வெடித்துப் பார்த்த குண்டுகளிலேயே பெரியது 1961 அக்டோபர் 30 அன்று சோவியத் நாடு வெடித்தது. அது ஏறத்தாழ 50 மெகாடன். அவ்வளவு பெரிய குண்டுகள் 15 லட்சம் சேர்ந்தால்தான் அந்தக் கல்லின் ஆற்றலுக்கு ஈடாகும். ஆகவே எதிரில் குண்டு வைத்து அதை ‘நிறுத்துவது’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

உடைக்கலாமே என்பீர்கள். உடைத்தபின் துண்டுகள் எங்கே போகும்? அதே திசையில், அதே வேகத்தில்தான் போகும். ஓடும் லாரியில் உள்ள விறகுக் கட்டை அவிழ்த்துவிட்டால் விறகுகள் சாலையில் நின்றுவிடுவதில்லை; லாரியோடு சேர்ந்து முன்னால்தான் பாய்கின்றன. துண்டுகள் பூமியின் ஓரத்தைத் தாண்டிப் போகும் அளவுக்குப் பக்கவாட்டில் வேகம் பெற்றால்தான் தப்பலாம். ஆகக் குண்டுக் கட்சியும் கடைசியில் தள்ளுக் கட்சியிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது! விஞ்ஞானிகளும் காலம் மிகக் குறைவாக இருந்தால் அணுகுண்டை ஆராய்ந்து பார்க்கிறார்கள். ஆனால் கல்லுக்குச் சற்றுத் தள்ளி வெடித்து, அந்த வெப்பத்தில் கல்லின் மேற்பரப்பு ஆவியாகிப் பீறிடும்போது ஏற்படும் எதிர்விசையால் கல்லை நகர்த்துவதே அதன் நோக்கம்.

தள்ளுக் கட்சியின் கணக்கு

எவ்வளவு தள்ள வேண்டும்? இது கணித மாணவர் எவரும் கையால் போடக்கூடிய கணக்கு. கல் பூமியின் நடுமையத்தில் மோத வருவதாகக் கொள்வோம். அதை பூமியின் ஓரத்துக்கு நகர்த்த, ஆரத்தின் அளவாவது, அதாவது 6,371 கி.மீ. விலக்க வேண்டும்.

மோதலுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே கல்லைக் கண்டுபிடித்து, நொடிக்கு 2 சென்டிமீட்டர் மட்டும் அதன் வேகத்தை மாற்றினோம் என்று வைத்துக்கொள்வோம். எறும்பு ஊர்வது போன்ற வேகம். ஒரு நாளில் அது 1.7 கி.மீ. விலகும். ஓராண்டில் 630 கி.மீ. பத்தாண்டில் 6,300 கி.மீ. ஏறத்தாழ பூமியின் ஆரம்!

இதையே ஒரு வாரத்துக்கு முன் செய்ய நினைத்தால்? ஏழு நாளில் 6,371 கி.மீ. என்றால் நாளொன்றுக்கு 910 கி.மீ.; நொடிக்குப் பத்தரை மீட்டர். மலையிறங்கிய பின் ஆழியாறு சாலையில் நம் பேருந்து ஓடும் வேகம் அது. பத்தாண்டுக்கு முன் தேவைப்பட்ட தள்ளைப்போல் 500 மடங்குக்கு மேல். உண்மையான சுற்றுப்பாதைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனால் அடிப்படை இதுவே. காலம் இருந்தால் எறும்பின் வேகம் போதும். காலம் போய்விட்டால் பேருந்தின் வேகம் வேண்டும். ஒன்றரை லட்சம் கோடி டன்னைப் பேருந்து வேகத்தில் ஓட்ட நம்மிடம் எஞ்சின் இல்லை.

திரைப்படங்களில் ஏன் எப்போதும் ஒரு வாரமே இருக்கிறது என்பதும் இப்போது விளங்குகிறது. பத்தாண்டு இருந்தால் கதாநாயகனுக்கு வேலையே இல்லை!

என் கட்சி வென்ற நாள்

2022 செப்டம்பர் 26. டைமார்பஸ் என்பது ஏறத்தாழ 160 மீட்டர் அளவுள்ள சிறு கல். அது டிடிமாஸ் என்ற பெரிய கல்லைச் சுற்றிவருகிறது. அமெரிக்காவின் நாசா 2021 நவம்பரில் அனுப்பிய ‘டார்ட்’ என்ற விண்கலம் அன்று அதன் மேல் வேண்டுமென்றே மோதிற்று. கலத்தின் எடை 600 கிலோவுக்கும் குறைவு. வேகம் நொடிக்கு 6 கி.மீ.க்கு மேல். மோதலுக்கு முன் டைமார்பஸ் ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிடம் எடுத்தது. மோதலுக்குப் பின் 11 மணி 23 நிமிடம். 73 நொடி மாறினாலே வெற்றி என்று எண்ணியிருந்தவர்களுக்கு 32 நிமிடம் கிடைத்தது.

எப்படி இவ்வளவு? மோதலில் கல்லிலிருந்து தூளும் துண்டும் பின்னோக்கிப் பீறிட்டன. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அவை கல்லை முன்னோக்கி உதைத்தன. கலத்தின் மோதல் மட்டும் தந்திருக்கக்கூடிய உந்தத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கல்லுக்குக் கிடைத்தது. “ஆகாசத்துல எதைப் புடிச்சுக்கிட்டு நின்னு தள்ளுவ?” என்ற கேள்விக்கு விடை இதுதான்: எதையும் பிடிக்க வேண்டாம், போய் இடித்தால் போதும், மீதியைக் கல்லே பார்த்துக்கொள்ளும்.

அந்தச் செய்தி வந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு. மாமன் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான். தொலைபேசியில் சொன்னேன். “படம் எப்ப வருது?” என்று கேட்டான்.

வாசலுக்கு வந்த கல்

இனி நான் சொல்லப்போவது திரைப்படம் அன்று.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் அப்பாவுக்கு முதுகில் அடிபட்டதால் ஓராண்டு நான் கல்லூரிக்குப் போகவில்லை. அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனேன். 2024-இல்தான் நம் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று வருவாய்த் துறையில் சான்றிதழ் வாங்கியபோது அப்பத்தா அதை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு லைன் முழுதும் காட்டினார். அதன் பொருள் எனக்கு 2025 பிப்ரவரியில்தான் முழுமையாகப் புரிந்தது.

2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டில் உள்ள ஒரு தொலைநோக்கி ‘2024 ஒய்.ஆர்.4’ என்ற கல்லைக் கண்டது. அளவு ஏறத்தாழ 60 மீட்டர். 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோத வாய்ப்பு உண்டு என்று கணக்குச் சொன்னது. முதலில் நூற்றுக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிப்ரவரி 18 அன்று 3.1. மோதினால் விழக்கூடிய பகுதிகள் பசிபிக் பெருங்கடலிலிருந்து ஆப்பிரிக்கா வழியாகத் தெற்காசியா வரை நீண்டன. அதில் இந்தியாவின் பெயரும் இருந்தது.

செல்போன் இருக்கும் இடமெல்லாம் செய்தி பரவிற்று. அறுபது மீட்டர் கல் அறுபது கிலோமீட்டர் ஆயிற்று. ‘மோத வாய்ப்பு’ என்பது ‘மோதப் போகிறது’ என்றாயிற்று. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். “ஏம்மா, நீ காலேசு படிக்கிறியே, நெசமா?” என்றார்கள். நான் விழித்தேன். வாய்ப்பு ஏன் ஒன்றிலிருந்து மூன்றாக ஏறியது என்று எனக்கே தெரியவில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சம்; தெரியும் என்று சொல்லப் பயம். வீட்டுக்கு வந்தால் அதைவிடப் பெரிய கல் காத்திருந்தது.

தம்பிக்கு மார்ச் மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. அவன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டான். “ஏழு வருசத்துல எல்லாமே முடியப்போகுதுக்கா. நான் திருப்பூர் போறேன். ரெண்டு காசு சம்பாதிச்சு நல்லா இருந்துட்டுப் போவோம்” என்றான். பாதி விளையாட்டு, பாதி உண்மை. அப்பாவின் மருந்துச் செலவும் அம்மாவின் கைக்கடுப்பும் அவன் மனத்தில் இருந்தன. கல் ஒரு சாக்கு. ஆனால் சாக்கு உடைந்தால்தான் உண்மையைப் பேச முடியும். அப்பத்தா என்னைப் பார்த்து, “நீதான் தாயி சொல்லணும். படிச்சவ நீதானே” என்றார். நடக்கிறது நடக்கும் என்று சொன்ன அதே அப்பத்தா!

யானைக் கணக்கு

மறுநாள் நூலகத்தில் அமர்ந்து படித்தேன். எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். புரிந்ததை வீட்டில் சொல்வதற்கு வழி தேடியபோது, அந்த வழி எங்கள் வாசலிலேயே இருந்தது.

வால்பாறையில் இருட்டியபின் நாம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, யானை எங்கே? ஒரு நாள் மாலை, நூறு ஏக்கர் தேயிலைக்குள் எங்கோ யானை நிற்கிறது என்று செய்தி வருகிறது. நம் லைன் இருப்பது அதில் ஒரு ஏக்கர். யானை நம் வாசலில் நிற்க வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. சற்று நேரத்தில் இன்னொருவர், மேல்பக்கம் இல்லை என்கிறார். தேட வேண்டிய இடம் முப்பத்துமூன்று ஏக்கராகச் சுருங்குகிறது. நம் லைன் இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது. இப்போது வாய்ப்பு நூற்றுக்கு மூன்று! யானை ஓர் அடிகூட நம் பக்கம் வரவில்லை. நமக்குத் தெரிந்தது கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கடைசியில் ஒருவர் ஓடைக்கரையில் யானையைக் கண்ணால் பார்த்துவிடுகிறார். வாய்ப்பு ஒரேயடியாகப் பூச்சியம்.

கல்லின் கதையும் இதுவே. ஒரு சில இரவுகள் பார்த்ததைக் கொண்டு எட்டாண்டுக்குப் பிந்திய இடத்தைக் கணித்தால், அது ஒரு புள்ளியாக இராது. நீண்ட பட்டையாக இருக்கும். மேலும் மேலும் பார்க்கப் பார்க்கப் பட்டை சுருங்கும். பூமி அதற்குள் இருக்கும்வரை வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். பட்டை பூமியை விட்டு விலகியதும் விழுந்துவிடும். “நல்லா கவனி, இது ஏறிட்டுச் சட்டுன்னு இறங்கும்னுதான் எதிர்பார்க்கிறாங்க. ஆனா நூத்துக்கு மூணுன்னா மூணுதான், இல்லைன்னு நான் பொய் சொல்லமாட்டேன்” என்று தம்பியிடம் சொன்னேன். அடுத்த ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 24 வாக்கில், வாய்ப்பு ஏறத்தாழ பூச்சியம் என்று அறிவித்துவிட்டார்கள். 2032-இல் அந்தக் கல் நம்மைக் கடந்து போகும்.

“அப்படி ஒண்ணு உண்மையா வந்தாலும்?” என்று தம்பி விடவில்லை. வந்தாலும் 60 மீட்டர் கல் உலகை அழிக்காது. ஒரு நகரத்தை அழிக்கும். 1908 ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்காவில் வானிலேயே வெடித்த கல் ஏறத்தாழ இந்த அளவுதான். 2,000 சதுர கி.மீ. காடு சாய்ந்தது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் 20 மீட்டர் அளவுள்ள கல் வெடித்தது. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலும் கண்ணாடிக் காயம். ஒளி முதலில் வந்தது. அது என்னவென்று பார்க்க மக்கள் சன்னலுக்கு ஓடினார்கள். ஓரிரு நிமிடம் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடியை உடைத்தது. மின்னலுக்குப் பின் இடி வருவது நமக்குத் தெரியும். வானில் கண்கூசும் ஒளி தெரிந்தால் சன்னலை விட்டு விலக வேண்டும் என்ற ஒரு வரி தெரிந்திருந்தால் பலர் தப்பியிருப்பார்கள்.

சிவப்பு விளக்கு

வால்பாறையில் யானையால் உயிர்கள் போனதை நாம் அறிவோம். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் அமைப்பினரும் வனத்துறையினரும் அதற்குக் கண்ட வழி யானையைச் சுடுவதன்று. யானை எங்கே நிற்கிறது என்று மக்களுக்கு முன்கூட்டிச் சொல்வது. தமிழில் குறுஞ்செய்தி, உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரி, செல்போனால் எரியவைக்கும் சிவப்பு விளக்கு ஆகிய இவ்வளவுதான். விளக்கு எரிந்தால் நாம் அந்த வழியில் போவதில்லை. யானையும் பிழைக்கிறது, நாமும் பிழைக்கிறோம்.

விண்கல் காவலும் இதே கொள்கைதான். முதல் வேலை தேடுவது. அதில் நம் தமிழகத்துக்குப் பழைய பங்கு உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1861 ஏப்ரல் 17 அன்று சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் அது. அதனால் ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார். பிறகு நூறாண்டுகளுக்கு மேல் இடைவெளி. 1988 பிப்ரவரி 17 அன்று, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில், ‘கல்கி’ என்ற தேடல் திட்டத்தில் ஆர். ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டார். அதற்கு ‘இராமானுஜன்’ என்று பெயர். கும்பகோணத்தில் கணக்குப் போட்ட ஓர் ஏழைப் பிள்ளையின் பெயர், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது! கணிதம் படிக்கும் எனக்கு இதைவிடப் பெரிய முன்னோட்டம் எந்தப் படத்தில் கிடைக்கும்?

அடுத்த வெளியீடு

ரசிகப் பெருமக்களே, அடுத்த விண்வெளிப் படத்தின் தேதி இப்போதே முடிவாகிவிட்டது. அபோபிஸ் என்ற கல், 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அளவு ஏறத்தாழ 350 மீட்டர். அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கும் நூற்றுக்கு 2.7 வரை வாய்ப்புச் சொன்னார்கள், பட்டை சுருங்கிற்று, வாய்ப்பு மறைந்தது. அடுத்த நூறாண்டுகளுக்கு அதனால் ஆபத்தில்லை என்று 2021-இல் அறிவித்துவிட்டார்கள். ஆனால் 2029 ஏப்ரல் மாதம் அது பூமியின் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கி.மீ. உயரத்தில் கடந்து போகும். நம் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் படம் அனுப்பும் செயற்கைக்கோள்கள் இருப்பது 36,000 கி.மீ. உயரத்தில். அவற்றைவிட அருகில்! ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியப் பகுதிகளில் வெறுங்கண்ணுக்கே நகரும் விண்மீன்போல் தெரியும் என்கிறார்கள். மிக நெருங்கும் நேரம் நம் நாட்டுக் கணக்கில் ஏப்ரல் 14 அதிகாலை மூன்றேகால் மணி அளவில். அன்று தமிழ்ப் புத்தாண்டு!

அதற்குள் எத்தனை வதந்திகள் கிளம்பும் என்று நினைத்துப் பாருங்கள். குழாயடியில், டீக்கடையில், பேருந்தில், நம்மை நோக்கித்தான் கேட்பார்கள். ‘படிச்சவங்க நீங்கதானே’ என்பார்கள். நம் கல்லூரியில் படிப்பவர்களில் பலர் என்னைப் போலவே தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். வீட்டுக்கு வீடு ஒரு சிவப்பு விளக்கு நாம். எரிய வேண்டிய நேரத்தில் எரிய வேண்டும். வேண்டாத நேரத்தில் எரிந்து ஊரைக் கலக்கவும் கூடாது. இரண்டுக்கும் கணக்குத் தெரிய வேண்டும். தெரியாதபோது ‘தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லவும் தெரிய வேண்டும். அன்று குழாயடியில் நான் சொல்லத் தவறியது அந்த ஒரு வரிதான்.

தம்பி தேர்வு எழுதினான். தேறினான். இப்போது பொள்ளாச்சியில் பாலிடெக்னிக் படிக்கிறான். என் யானைக் கணக்கு அவனை மாற்றிற்றா, அம்மா கையில் எடுத்த அகப்பை மாற்றிற்றா என்பதில் வீட்டில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. அப்பத்தா மட்டும் தெளிவாக இருக்கிறார். 2029 புத்தாண்டு அன்று விடியுமுன் தம்மை எழுப்பிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

“எம்.ஜி.ஆர். படம் பாத்த கண்ணு தாயி. இதையும் பாத்துட்டுத்தான் மூடணும்.”

வெளியில் வருமுன் யானை எங்கே என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.